நூற்று நாற்பத்து மூன்று வயது இளைஞன்



மேலைத்தேயக் கதை மரபுகள் பற்றி வாரந்தோறும் பேசி வருகின்ற இத்தொடரில் இன்று நான் எடுத்துக்கொள்ளும் பொருள் உங்களிற் சிலருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றக்கூடும். அது ஒரு விளையாட்டுப் பற்றியது. அந்த விளையாட்டு முதுமையையும் நீண்ட ஆயுளையும் எவ்வாறு நோக்கியது என்பதே எனது விசாரம். எழுபத்து நான்கு வயதைக் கடந்துவிட்ட எனக்கு இது இலக்கிய விசாரம் மாத்திரமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாத விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து எனது மகளும் பேரனும் வந்திருந்தார்கள். பேரனுக்குப் பதினாறு வயது. அவனது பயணப் பெட்டியில் தகப்பன் எங்கோ பழைய புத்தகக் கடையில் வாங்கிக் கொடுத்த மூன்று தடித்த ஆங்கில நூல்களும் ஒரு பை நிறையப் பகடைகளும் இருந்தன. நான்கு முகப் பகடை, எட்டு முகப் பகடை, இருபது முகப் பகடை. தாயக்கட்டை உருட்டி வளர்ந்த எனக்கு அவை வேடிக்கையாக இருந்தன. ஒருநாள் மாலை விறாந்தையில் இருந்து ஒரு தாளை அவன் நிரப்பிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தேன்.

"இது ஆர் தம்பி?"

"இது நான்தான் அம்மப்பா. எல்ஃப் இனத்துப் போர்வீரன். இப்பதான் முதலாம் படியிலை நிக்கிறார்."

"வயசு 143 எண்டு போட்டிருக்கு?"

"ஓம். எல்ஃபுக்கு அது இளம் வயசு."

"அப்ப இந்த 143 வருசமும் இவர் என்ன செய்துகொண்டிருந்தவர்?"

பேரன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாளைப் பார்த்தான். "தெரியேல்லை அம்மப்பா. புத்தகத்திலை அது இல்லை" என்றான்.

அவன் நின்ற நான்கு வாரங்களிலும் இரவு வேளைகளில் அந்நூல்களை நான் வாசித்தேன். அவன் போன பின்னரும் தேடி வாசித்தேன். அவ்வாறு அறிந்தவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இவ்விளையாட்டு என்னவென்று சொல்ல வேண்டும். 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது இதன் பெயர். நிலவறைகளும் பறவை நாகங்களும் என்று தமிழில் சொல்லலாம். ஒரு மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வார்கள். ஒருவர் கதைசொல்லியாகவும் நடுவராகவும் இருப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாங்கி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஒளிந்துகொள்கிறேன்" என்று வாயாற் சொல்லியே கதையை நடத்துவார்கள். வெற்றி தோல்வியைப் பகடை தீர்மானிக்கும். மேடையும் வேடமும் இல்லாத ஒரு கூத்து எனலாம்.

இதனை ஆக்கியோர் இருவர். ஒருவர் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ். காப்புறுதி நிறுவனத்தில் பார்த்த வேலை 1970 இல் பறிபோக, வீட்டிலிருந்து சப்பாத்துத் திருத்திக் குடும்பத்தைப் பார்த்தவர். மற்றவர் மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன். இருவரும் பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடும் வட்டங்களைச் சேர்ந்தவர்கள். படைகளை நகர்த்திய விளையாட்டு, தனி வீரன் ஒருவனின் வாழ்வை நடத்தும் விளையாட்டாக இவர்கள் கையில் மாறிற்று. 1974 இல் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக அது வெளிவந்தது. முதற் பதிப்பு 1,000 பிரதிகள் மாத்திரமே. இன்று இது உலகெங்கும் ஆடப்படுகின்றது.

பேரன் கொண்டுவந்தவை 1977 முதல் 1979 வரை வெளிவந்த விரிவான பதிப்பின் நூல்கள். 1979 இல் கைகாக்ஸ் எழுதிய நடுவர் கைநூலில் வயது பற்றிய அட்டவணைகள் உள்ளன. மனிதப் போர்வீரன் தன் வாழ்வைத் தொடங்கும் வயது 16 முதல் 19 வரை. எல்ஃப் போர்வீரனுக்கு அது 135 முதல் 160 வரை. எது என்பதைப் பகடை சொல்லும். ஆயுளின் பருவங்களும் வகுக்கப்பட்டுள்ளன. மனிதனுக்கு 41 இல் நடுவயது, 61 இல் முதுமை, 91 இல் பழுத்த முதுமை. ஒவ்வொரு பருவத்திலும் சில கழியும், சில கூடும். நடுவயதில் பலமும் தேக உறுதியும் ஒவ்வொரு புள்ளி குறைய, அறிவும் விவேகமும் ஒவ்வொரு புள்ளி ஏறும். முதுமையில் உடல் மேலும் தளர விவேகம் இன்னொரு புள்ளி உயரும். எல்ஃப் இனத்தவருக்கும் இதே பருவங்கள்தாம். ஆனால் அவர்கள் ஆயிரம் ஆண்டுகளையும் தாண்டி வாழ்வர்.

இந்த அட்டவணையைப் பார்த்து நான் புன்னகைத்தேன். நாற்பத்தோராம் வயதில் எனக்கு எந்த விவேகமும் ஏறியதாக நினைவில்லை. அது இருக்கட்டும். எனது கேள்வி வேறு. பதினேழு வயது மனிதப் பையனும் 143 வயது எல்ஃபும் ஒரே படியில், ஏறத்தாழ ஒரே திறமையுடன், ஒரே வாளை ஏந்தி ஒரே வாசலில் நிற்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வாழ்வு அந்த எல்ஃபிடம் ஒரு தழும்பையேனும் விட்டுவைக்கவில்லை. தாளில் ஓர் எண் இருக்கிறது. ஆளிடம் வயது இல்லை.

இந்த எண் எங்கிருந்து வந்தது? இங்கேதான் இலக்கியம் வருகின்றது.

நெடுங்காலம் வாழும் எல்ஃப்களை இருபதாம் நூற்றாண்டு வாசகர்களுக்குப் பரிச்சயமாக்கியவர் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். அவரது 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. கைகாக்ஸ் தமக்கு டோல்கீனின் செல்வாக்குக் குறைவென்றே சொல்லிவந்தார். போல் அண்டர்சன், ஜாக் வான்ஸ் போன்ற வேறு எழுத்தாளர்களையே தம் ஆசான்களாகக் கருதினார். ஆயினும் 1974 ஆம் ஆண்டின் முதல் நூல்களில் டோல்கீன் படைத்த 'ஹொபிட்' என்ற குறுமனிதரின் பெயர் அப்படியே இருந்தது. உரிமையாளர்கள் ஆட்சேபித்த பின்னரே அது மாற்றப்பட்டது. டோல்கீன் காலமானது 1973 செப்டெம்பரில். அவர் மறைந்து சில மாதங்களிலேயே அவரது உலகின் சாயல் விளையாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

டோல்கீனின் எல்ஃப்கள் முதுமையால் இறப்பதில்லை. அதுவே அவர்களது துயரமும் ஆகும். மனிதனுக்கு விதிக்கப்பட்ட மரணத்தை அவர் ஒரு கொடையாகவே தமது புனைவில் வைத்தார். தமது நூலின் மெய்யான பொருள் மரணமும் மரணமின்மையுமே என்று கடிதமொன்றில் எழுதியும் உள்ளார். ஆர்வென் என்ற எல்ஃப் மங்கை அரகோர்ன் என்ற மனிதனை விரும்பி, அவனுக்காகத் தன் மரணமின்மையைத் துறக்கிறாள். அவன் 210 வயதில் தானே கண்மூடுகிறான். ஏறத்தாழ 2,900 ஆண்டுகள் வாழ்ந்த அவளுக்கு அவனுடன் வாழ்ந்த நூற்றிருபது ஆண்டுகளே வாழ்வாகின்றன. அவனில்லாத அடுத்த பனிக்காலத்தைக் கடக்க அவளால் முடியவில்லை.

இந்தத் துயரம் ஏட்டில் மட்டும் பிறந்ததன்று. டோல்கீன் 1916 இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் நின்றவர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவருக்கு நெருங்கிய நண்பர்கள் மூவர் இருந்தனர். அவர்களில் றொபேர்ட் கில்சன், ஜெஃப்ரி ஸ்மித் ஆகிய இருவர் அந்த ஆண்டிலேயே மாண்டனர். அப்போது டோல்கீனுக்கு இருபத்து நான்கு வயது. பிறகு எண்பத்தொரு வயது வரை அவர் வாழ்ந்தார். தன் தோழர்கள் இளைஞர்களாகவே நின்றுவிட, தான் மாத்திரம் வயதேறிக்கொண்டு போவது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதை வாசித்த இரவின் மறுநாள் எங்கள் வீட்டுச் சுவரில் உள்ள பழைய வகுப்புப் புகைப்படத்தைப் பேரனுக்குக் காட்டினேன். இருபத்தொரு பேர் அதில் நிற்கிறோம். இன்று ஐவர் இருக்கிறோம். சிலரை நோய் கொண்டுபோயிற்று; சிலரைக் காலம் கொண்டுபோன விதத்தை இங்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேரன் ஒவ்வொருவராகக் கேட்டான். நான் ஒவ்வொருவராகச் சொன்னேன். அன்று மத்தியானம் இருவரும் பிந்தித்தான் சாப்பிட்டோம்.

மீண்டும் விளையாட்டுக்கு வருவோம். டோல்கீனிடமிருந்து எல்ஃபின் ஆண்டுக் கணக்கு மேசைக்கு வந்தது; அவரது துயரம் பின்தங்கிவிட்டது. ஆண்டுகள் செலவழிக்கும் காசாக மாறின. 1979 ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒருவரை இருமடங்கு வேகமாக இயங்கச் செய்யும் மந்திரம் ஒன்றுண்டு. சில நிமிட வேகத்துக்கு விலை ஆயுளில் ஓராண்டு. எதையும் வேண்டிப் பெறும் பெருமந்திரத்தை உச்சரிப்பவர் மூன்றாண்டுகளை இழப்பார். பேயைக் கண்டு அஞ்சியவர் அக்கணமே பத்தாண்டுகள் மூப்பெய்துவார். இளமையைச் சிறிது மீட்டுத் தரும் பானமும் உண்டு. ஆனால் அதைக் குடிக்குந்தோறும், மீட்ட ஆண்டுகள் அனைத்தும் ஒருங்கே திரும்பி வந்து கவியும் அபாயமும் சிறிது சிறிதாக வளரும். மனிதனுக்கு ஓராண்டு பெரிய விலை. எல்ஃபுக்கு அது கடலில் ஒரு துளி.

அப்படியானால் எல்லோரும் எல்ஃபாகவே ஆட விரும்புவார்களே என்று நீங்கள் கேட்கலாம். அதனைத் தடுக்க விதிகள் இரு வேலிகளைப் போட்டன. ஒன்று, மனிதன் தன் தொழிலில் எவ்வளவு உயரவும் ஏறலாம். எல்ஃப் பெரும்பாலான தொழில்களில் ஒரு படிக்கு மேல் ஏற முடியாது. எல்ஃப் மந்திரவாதிக்குப் பதினோராம் படியே எல்லை. இரண்டு, இறந்த மனிதனைச் சமயகுரு தம் மந்திரத்தால் எழுப்பலாம். அதே மந்திரத்தால் எல்ஃபை எழுப்ப முடியாது. நீண்ட ஆயுள் உடையவன் ஒருமுறை வீழ்ந்தால் வீழ்ந்ததுதான். இவற்றில் ஓர் ஆழமான எண்ணம் ஒளிந்திருக்கிறது. அவகாசம் குறைந்தவன் விரைந்து கற்கிறான். அவகாசம் மிகுந்தவன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறான். ஆயினும் விதி எழுதியவர்கள் அதை மனித இனத்துக்குச் சலுகையாகவே கருதினார்கள். ஆடியவர்கள் அதைத் தண்டனையாகக் கண்டார்கள்.

காலப்போக்கில் வேலிகள் அகற்றப்பட்டன. 2000 ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் படி எல்லைகள் இல்லை. வேக மந்திரம் ஆயுளைத் தின்பதும் நின்றது. எல்ஃபின் ஆயுளும் அதிகபட்சம் 750 ஆகச் சுருங்கிற்று. 2014 ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு எனது கேள்விக்கு ஒருவாறு விடை கூற முயன்றது. எல்ஃபின் உடல் மனிதரைப் போலவே வளர்ந்துவிடும். உலக அனுபவம் பெற்று நூறு வயதளவிலேயே அவர் தம்மைப் பெரியவர் என்று கொள்வார் என்றது. ஆனால் அதே பதிப்பில் முதுமையால் பலம் குறைவதும் விவேகம் கூடுவதும் நீக்கப்பட்டிருந்தன. கிழவனும் குமரனும் ஒன்றாகிவிட்டார்கள்.

வயதை மெய்யாகவே ஒரு பாத்திரத்துக்குள் கொண்டுவந்த விளையாட்டு எது என்று தேடியபோது நான் கண்டடைந்தது, 1985 இல் கிரெக் ஸ்ராஃபோர்ட் என்பவர் ஆக்கிய 'பென்ட்றகன்'. ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றியது அது. தோமஸ் மலோரியின் ஆர்தர் காவியத்தை வில்லியம் கக்ஸ்ரன் அச்சிட்டது 1485 இல். சரியாக ஐந்நூறு ஆண்டுகள் கழித்து இவ்விளையாட்டு வந்தது.

இதில் எல்ஃப் வீரர்கள் இல்லை. அனைவரும் சாகும் மனிதர்கள். பொதுவாக ஓராண்டுக்கு ஒரு சாகசம். அது முடிந்ததும் பனிக்காலம் வரும். வீரன் தன் வீட்டுக்குத் திரும்புவான். அவ்வாண்டு விளைச்சல் எப்படி, குதிரை பிழைத்ததா, திருமணம் கூடுமா, பிள்ளை பிறந்ததா, பிறந்தது உயிர்தங்கியதா என்பவற்றையெல்லாம் பகடை சொல்லும். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர் ஒவ்வொரு பனிக்காலமும் முதுமைக்கென்று ஒரு பகடை உருட்ட வேண்டும். ஓராண்டு பலம் குறையும். ஓராண்டு அழகு குறையும். ஓராண்டு ஒன்றும் குறையாது தப்பலாம். குறைந்துகொண்டே போனால் ஒருநாள் பாயில் விழ வேண்டியதுதான். அப்போது ஆடுபவர் அவ்வீரனின் மகனை எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வார். தந்தை ஈட்டிய புகழில் பத்தில் ஒரு பங்கு மகனுக்குச் சேரும்.

பத்தில் ஒரு பங்கு. இந்த எண்ணை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். பெற்றோர் எவரும் தம் வாழ்வு முழுவதையும் பிள்ளையிடம் கொடுத்துவிட முடிவதில்லை. பத்தில் ஒன்றாவது போய்ச் சேர்ந்தால் பெரிய காரியம். நெடுங்காலம் ஆடியவர்கள் தந்தையாக, மகனாக, பேரனாக மாறி மாறி ஆடியிருக்கிறார்கள். நூறாண்டு வாழ்வதென்றால் என்னவென்று 143 வயது எல்ஃபை விட அந்தக் குடும்பம் நன்கறியும்.

நீண்ட ஆயுளையே பொருளாகக் கொண்ட இன்னொரு விளையாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிம் ஹச்சிங்ஸ் என்பவர் ஆக்கிய 'ஆயிரம் வயது இரத்தக்காட்டேரி' என்பதை ஒருவர் தனியே இருந்து எழுதி எழுதி ஆடலாம். அந்தக் காட்டேரிக்கு ஐந்து நினைவுகளுக்கே இடமுண்டு. ஆறாவது ஒன்று வந்தால் பழையது ஒன்றை அடித்துவிட வேண்டும். ஒரு நாட்குறிப்பில் சிலவற்றை எழுதிப் பாதுகாக்கலாம். ஆனால் நாட்குறிப்பும் தொலைந்துபோகக் கூடியது. தாயின் முகம், பிறந்த ஊர், பேசிய மொழி எல்லாம் ஒவ்வொன்றாக அழியும். சாகாமல் முதுமை மட்டும் எய்தும் மாந்தரை 1726 இல் ஜொனதன் ஸ்விஃப்ட் தமது கலிவரின் யாத்திரையில் காட்டினார். இருநூறு ஆண்டுகளில் நாட்டின் பேச்சே மாறிவிட, அவர்கள் சொந்த நாட்டில் அந்நியராவார்கள். மார்க்கண்டேயருக்குச் சாகாமை வரமாயிற்று. அசுவத்தாமனுக்கு நெடுவாழ்வு சாபமாயிற்று. இரண்டையும் கேட்டு வளர்ந்த நமக்கு ஸ்விஃப்டின் எண்ணம் அந்நியமானதன்று.

நேயர்களே, கதையின் எஞ்சிய பகுதியைச் சொல்லி முடிக்கிறேன்.

மார்கழியில் பேரன் தொலைபேசியில் அழைத்தான். எனது கேள்விக்கு விடை எழுதிவிட்டானாம். அவனது எல்ஃபுக்கு ஒரு நண்பன் இருந்தான். மனிதன், ஊர்க் கொல்லன். அவன் குழந்தையாக இருந்தபோதே எல்ஃபுக்கு நாற்பது வயது. இருவரும் ஒரே ஆற்றில் நீந்தினார்கள். கொல்லன் மணம் முடித்தான், மூத்தான், எழுபத்தொரு வயதில் இறந்தான். எல்ஃபின் முகத்தில் ஒரு கோடு விழவில்லை. இப்போது குழுவில் உள்ள பதினெட்டு வயது வீராங்கனை அந்தக் கொல்லனின் பேத்தியின் மகள். அவளைக் காப்பதற்காகவே எல்ஃப் வாளெடுத்திருக்கிறான்.

அவளாக ஆடுபவள் பேரனின் வகுப்புத் தோழி. சென்ற வாரம் ஆடியபோது ஓர் அரக்கன் எதிர்ப்பட, மந்திரவாதி எல்லோர் மீதும் வேக மந்திரத்தை ஏவப் போனானாம். பழைய விதிகள், விலை ஓராண்டு ஆயுள்.

"நான் சொன்னனான் அம்மப்பா, எனக்கு மட்டும் போடு, அவளுக்குப் போடாதை எண்டு. எனக்கு ஒரு வருசம் பெரிய காரியமில்லைத்தானே."

"நல்ல காரியம்தானே தம்பி."

"இல்லை அம்மப்பா, அவளுக்குக் கோபம் வந்திட்டுது. 'அது என்ரை வருசம். நான் அதை என்ன செய்யிறது எண்டு நீ ஆர் தீர்மானிக்க?' எண்டு கேட்டிட்டாள்."

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு எனது மகள் வெளிநாடு போகப் புறப்பட்ட வேளை, அவளது ஆண்டுகளை அவளுக்காக நான் கணக்கிட்டுப் பேசியதும், அவள் ஏறக்குறைய இதே சொற்களில் எனக்கு விடை சொன்னதும் நினைவுக்கு வந்தன. நெடுநாள் வாழ்ந்தவர்களுக்கு உள்ள குறை இது. பலரை இழந்தபின், எஞ்சியவரைப் பொத்திப் பொத்தி வைக்கப் பார்க்கிறோம். அட்டவணைகள் எதிலும் இது எழுதப்படவில்லை. என் பேரனின் எல்ஃப் தானாகவே அதைக் கற்றுக்கொண்டுவிட்டான். அவனுக்கு மெய்யாகவே வயதாகிவிட்டது.

"பிறகு என்ன செய்தனீ?" என்று கேட்டேன்.

"மன்னிப்புக் கேட்டனான். அவள் அந்த வருசத்தைக் குடுத்திட்டு முன்னுக்குப் போனாள். நான் அவளுக்குப் பக்கத்திலை நிண்டனான்."

அடுத்த வாரம் வேறொரு கதையுடன் சந்திப்போம். வணக்கம்.